மாற்றத்திற்கு விடப்படும் இடம்: அப்பாச்சி விக்கெட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே இணையச் செயலியைப் பல நிறுவனங்களுக்குக் கொடுக்கும்போது, ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை வேறாகக் கேட்பார்கள். ஒருவருக்குப் படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம் வேண்டும். இன்னொருவருக்குப் பதிவை அழிக்கும் முன் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஜாவா நிரலர் உடனே நாடுவது மரபுரிமையை. இருக்கும் வகுப்பை நீட்டித்து, வேண்டிய மெத்தடை ஓவர்ரைடு செய்துவிடுகிறார். திரையின் ஒரு கூறை (காம்பொனென்ட்) எழுதியவர் எந்த இடத்தைத் தெரிந்தே திறந்து வைத்தாரோ, அங்கே செய்த மாற்றமே அடுத்த பதிப்பைத் தாண்டி நிற்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோதிக்க அப்பாச்சி விக்கெட் என்ற ஜாவா இணையச் சட்டகம் ஏற்ற களம். ஜொனாதன் லாக் 2004இல் தொடங்கிய இது, 2007இல் அப்பாச்சியின் முதல்நிலைத் திட்டமானது. அதே 2004இல் வெளிவந்த ஜாவாசர்வர் ஃபேசஸ் போலவே, இதுவும் திரையைக் கூறுகளின் மரமாகப் பார்க்கிறது. ஆனால் ஃபேசஸில் ஒரு கூறின் தோற்றத்தை ரெண்டரர் என்ற தனி வகுப்பிடம் ஒப்படைக்கலாம். விக்கெட்டில் எச்டிஎம்எல் கோப்பில் அடையாளப் பெயர்கள் மட்டும் இருக்க, நடத்தை முழுவதும் ஜாவாவில் எழுதப்படுகிறது. ஆகவே ஜாவாவின் விதிகள் அத்தனையும் இங்கே நேரடியாகக் கடிக்கும்.

மிகப் பரவலான ஒரு பிழையைப் பார்ப்போம். விலைப்பட்டியல் பேனல் ஒன்று தன் கன்ஸ்ட்ரக்டரிலேயே ‘அடிப்பகுதியை உருவாக்கு’ என்ற மெத்தடை அழைக்கிறது. வாடிக்கையாளருக்கான துணைவகுப்பு அதை ஓவர்ரைடு செய்து, தன்னிடமுள்ள வரி விகிதத்தை அங்கே காட்ட முயல்கிறது. ஓட்டினால் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். காரணம், ஜாவாவில் பொதுவாகத் தாய்வகுப்பின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே துணைவகுப்பின் புலங்களுக்கு மதிப்பு வந்து சேரும். மெத்தட் துணைவகுப்பினுடையது, அது படிக்கும் புலமோ இன்னும் வெறுமை. கன்ஸ்ட்ரக்டரிலிருந்து ஓவர்ரைடு செய்யத்தக்க மெத்தடை அழைக்கக்கூடாது என்று ஜோஷுவா பிளாக் ‘எஃபெக்டிவ் ஜாவா’வில் எச்சரித்தது இதைத்தான். துணைவகுப்பை எழுதியவரைக் குறை சொல்வது நியாயமாகாது. அந்த மெத்தட் வாசல்போல் தெரிந்தாலும், நுழைவதற்காக வைக்கப்பட்டதல்ல.

விக்கெட் இதற்குத் தரும் விடை ஆன்இனிஷியலைஸ் என்ற மெத்தட். கூறு பக்கத்தின் மரத்தில் இணைந்த பிறகு, ஒரே ஒரு முறை அது அழைக்கப்படும். அதற்குள் எல்லாப் புலங்களும் நிரம்பியிருக்கும். ஓவர்ரைடு செய்பவர் தாய்வகுப்பின் வடிவத்தை அழைக்க மறந்தால், சட்டகமே பிழை எறிந்து நிறுத்திவிடும். ஒப்பந்தம் ஆவணத்தில் மட்டும் இருந்தால் போதாது, ஓடும்போதும் அது காவல் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. செயலி முழுவதற்குமான மாற்றங்களிலும் இதே பாடம் உண்டு. கூறு உருவாகும்போதே செய்தி பெறும் லிசனர், அடிப்படை வகுப்பின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து அழைக்கப்படுவதால் பாதி கட்டிய பொருளைத்தான் பார்க்கும். அனுமதியைச் சோதிக்க அது போதும். எல்லா உரைக்கட்டங்களுக்கும் நீள வரம்பு வைக்க வேண்டுமானால், இனிஷியலைஸ் கட்டத்தில் செய்தி பெறும் லிசனரே சரி.

கூறைத் தொடாமலே அதன் நடத்தையைக் கூட்டவும் வழி இருக்கிறது. பிஹேவியர் என்ற சிறு பொருளை எழுதி, எந்தக் கூறின் மீதும் சேர்க்கலாம். ஒப்புதல் கேட்கும் வேலையை அப்படி எழுதினால், ஒரே வகுப்பு இணைப்புக்கும் பொத்தானுக்கும் உதவும். மரபுரிமை வழியில் இரண்டுக்கும் தனித்தனித் துணைவகுப்பு தேவைப்பட்டிருக்கும்.

தோற்றத்துக்கு வேறு கதவு. வேரியேஷன் என்ற பெயரைக் கூறு திருப்பித் தந்தால், அப்பெயரைக் கொண்ட எச்டிஎம்எல் கோப்பை விக்கெட் முதலில் தேடும். மொழிக்கும் இதே முறைதான். தமிழ் முகப்பு செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திரையின் உரைகளை வைக்கும் ஜாவாவின் பிராப்பர்டீஸ் கோப்புகள் நெடுங்காலம் லத்தீன்-1 குறியாக்கத்தையே எதிர்பார்த்தன, ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் யூனிகோடு எண்ணாக எழுத வேண்டியிருந்தது. விக்கெட்டில் எக்ஸ்எம்எல் வடிவ பிராப்பர்டீஸ் கோப்பில் தமிழைத் தமிழாகவே எழுதலாம்.

இந்த வாதத்திற்கு வலுவான மறுப்பு உண்டு. விக்கெட்டின் லிங்க் வகுப்பே ஆன்கிளிக்கை ஓவர்ரைடு செய்யச் சொல்கிறதே, அது மரபுரிமை அல்லவா? ஆம், மரபுரிமையேதான். ஆனால் ஆன்கிளிக் அருவ மெத்தட். நிரப்பப்படுவதற்கென்றே எழுதியவர் விட்ட இடம். மறுபுறம், பல மெத்தடுகளை விக்கெட் ஃபைனல் என்று பூட்டியிருக்கிறது. பூட்டும் திறப்பும் ஒரே வடிவமைப்பு முடிவின் இரு பக்கங்கள்.

2018இல் வந்த விக்கெட் 8, ஜாவா 8இன் லாம்டாக்களை ஏற்றுக்கொண்டது; கூறுக்குத் தரவை வழங்கும் மாடலையே ஒரு வரி லாம்டாவாக எழுத முடிகிறது. இங்கும் கவனம் தேவை. பக்கங்களை விக்கெட் சீரியலைஸ் செய்து சேமிக்கிறது. தரவுத்தளத்திலிருந்து வந்த வாடிக்கையாளர் பொருளை லாம்டா பிடித்துக்கொண்டால், அப்பொருளும் அதன் கிளைகளும் பக்கத்தோடு சேமிப்புக்குப் போகும். அடையாள எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது பொருளை ஏற்றி, கோரிக்கை முடிந்ததும் கைவிடும் லோடபிள் டிடாச்சபிள் மாடலை இத்தகைய இடங்களில் விட்டுவிடக் கூடாது. வாடிக்கையாளருக்கான மாற்றத்தை லாம்டாவாகப் பெறும் கூறு எதுவும், அந்த லாம்டா எதைப் பிடித்திருக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதையும் தன் ஆவணத்தில் சொல்லியாக வேண்டும்.