மாடர்ன் தியேட்டர்ஸ்: பழைய கதைகளும் புதிய படங்களும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தை எட்டும் முன், ஒரு பழைய நுழைவாயில் வளைவைக் காணலாம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் எச்சம் அது. புகழ்பெற்ற பழைய படங்களைத் திரும்ப எடுப்பது சரியா, புதிய கதைகளைத் தேடுவது சரியா என்ற விவாதம் இன்றும் தமிழ்த் திரையுலகில் நடக்கிறது. இந்த நிறுவனத்தின் வரலாறு அதற்கு நல்ல சான்றுகளைத் தருகிறது.

நிறுவனர்

மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவியவர் திருச்செங்கோடு ஆர். சுந்தரம் (1907–1963). இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய அவர், 1930களின் நடுவில் சேலத்தில் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் படம் 1937இல் வெளியான 'சதி அகல்யா'. எல்லோரும் அறிந்த புராணக் கதையே அதன் அடிப்படை.

அடுத்த ஆண்டே நேர் எதிரான முயற்சி ஒன்று நடந்தது. 1938இல் வெளியான 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம். புராணத்தை நாடாமல், பெற்றோரை இழந்த இரண்டு குழந்தைகளின் துயரத்தைச் சொன்ன சமூகக் கதை அது. ஒரு மொழியின் முதல் பேசும்படத்திலேயே புதுக்கதையை நம்பிப் பணம் போட்டது துணிச்சலான செயல்.

இரவல் கதைகள்

ஆனால் நிறுவனத்தின் பெரும்புகழ் பெற்ற படங்கள் பலவற்றின் கதைகள் வெளியிலிருந்து வந்தவை. பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' (1940), பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் இரும்பு முகமூடி மனிதன் கதையைத் தழுவியது. 'மனோன்மணி' (1942), பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891) நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த நாடகமும் லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையைத் தழுவியதே.

'மந்திரி குமாரி' (1950) இன்னும் தெளிவான சான்று. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கள்வனான கணவனை, மனைவியே தள்ளிவிடும் குண்டலகேசிக் கதை அதன் கரு. மு. கருணாநிதி அக்கதையில் ஒரு ராஜகுருவைச் சேர்த்து, கள்வனை அவருடைய மகனாக்கினார். இதனால் பழைய பௌத்தக் கதை, சமய அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் அரசியல் படமாக மாறியது. கதை பழையது, அது பேசிய பொருள் 1950ஆம் ஆண்டுக்குரியது.

'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) கதையும் புதிதல்ல. அதே பெயரில் 1941இல் ஒரு தமிழ்ப் படம் வந்திருந்தது. 1954இல் இந்தியிலும் அலிபாபா கதை படமானது. ஆனால் எம். ஜி. ஆர்., பானுமதி நடித்த சேலத்துப் படம் கேவா கலரில் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்ற இடம் அதற்கு உண்டு. தெரிந்த கதையாக இருந்ததால், புதிய தொழில்நுட்பத்துக்கான பெருஞ்செலவைத் துணிந்து செய்ய முடிந்தது என்று கருதலாம்.

ஒரே கரு, இரண்டு வழிகள்

சின்னப்பாவின் 'உத்தம புத்திரன்' 1958இல் சிவாஜி கணேசன் நடிக்க, வீனஸ் பிக்சர்ஸ் நிறுவனத்தால் மீண்டும் எடுக்கப்பட்டது. அதே ஆண்டில் எம். ஜி. ஆர். தாமே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' வெளிவந்தது. அதிலும் அரசனும் அவனைப் போன்ற தோற்றமுடையவனும் உண்டு. ஆனால் எம். ஜி. ஆர். அக்கருவை மக்களாட்சி பற்றிய படமாக மாற்றினார். ஒன்று மறுபடைப்பு, மற்றொன்று பழைய கருவிலிருந்து பிறந்த வேறு படம். இரண்டும் வெற்றி பெற்றன.

1963இல் சுந்தரம் மறைந்த பிறகும் நிறுவனம் தொடர்ந்தது. 'உஸ்தாதோன் கே உஸ்தாத்' என்ற இந்திப் படம் 'வல்லவனுக்கு வல்லவன்' (1965) ஆனது. எதிர்த்திசையிலும் கதைகள் பயணித்தன. சேலத்தில் உருவான 'குமுதம்' (1961), இந்தியில் 'பூஜா கே பூல்' (1964) ஆயிற்று.

மதிப்பீடு

கதை புதிதா பழையதா என்பதை மட்டும் கொண்டு ஒரு படத்தை அளக்க முடியாது என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது. அலிபாபா கதைகூட ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் இல்லை. சிரியாவைச் சேர்ந்த ஹன்னா தியாப் சொல்லக் கேட்டு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்துவான் கலாந் பிரெஞ்சு நூலில் சேர்த்தது அது. எனவே மறுபடைப்பை எடுப்பவர் எதைப் புதிதாகச் சேர்க்கிறார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 'மந்திரி குமாரி' அரசியலைச் சேர்த்தது; 'அலிபாபா' வண்ணத்தைச் சேர்த்தது. எதையும் சேர்க்காத மறுபடைப்புக்கு முதல் படத்தின் புகழைத் தவிர வேறு முதலீடு இல்லை.

இதில் இன்னொரு கடமையும் உண்டு. 'பாலன்' படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. மூலப் படம் அழிந்துவிட்டால், அதை எவ்வளவு நேர்த்தியாகத் திரும்ப எடுத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பழைய படத்தின் பெயரையும் கதையையும் விலைக்கு வாங்கும் நிறுவனங்கள், அதன் பிரதியைக் காப்பதிலும் பங்கெடுத்தால், மறுபடைப்பு மூலத்துக்குச் செய்யும் மரியாதையாக அமையும்.