பள்ளிக்குப் பின்: திருவனந்தபுரத்தில் மாற்றுத்திறன் இளையோரின் கல்வியும் வேலைவாய்ப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உடற்குறை உடையோரைத் தமிழ் இலக்கியம் பெரும்பாலும் இரக்கத்திற்குரியோராகவே காட்டியுள்ளது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரையில் பிச்சையேற்றுக் கொணர்ந்த உணவைப் பார்வையற்றோர்க்கும் செவிப்புலன் அற்றோர்க்கும் கால் முடங்கியோர்க்கும் அளித்து, எஞ்சியதையே தான் உண்டான். அவ்வறம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்று உண்டவர்கள் மறுநாளும் அம்பலத்திற்கே வரவேண்டியவர்களாக இருந்தனர் என்பதும் எண்ணத்தக்கது. சோறு பெறும் நிலையிலிருந்து ஊதியம் பெறும் நிலைக்கு அவர்கள் வந்து சேர்வதற்குக் கல்வி, பயிற்சி, சட்டம், குடும்பத்தின் துணை ஆகிய பலவும் தேவைப்பட்டன. திருவனந்தபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் அவ்வழி உருவான வரலாற்றையும், அவ்வழி பள்ளிப் பருவத்தின் எல்லையில் இன்றும் இடறுவதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெங்கானூர்: பள்ளி நுழைவுக்கான போராட்டம்

திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்னும் ஆணை 1817இல் கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் பிறப்பிக்கப்பட்டது. எனினும் எல்லாருக்கும் எனச் சொல்லப்பட்ட கல்வி எல்லாரையும் சென்றடையவில்லை. திருவனந்தபுரத்திற்குத் தெற்கே உள்ள வெங்கானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் கதவடைத்தபோது 1904இல் தம் ஊரிலேயே பள்ளியொன்றைத் தொடங்கினார். பின்னர் அரசு ஆணைகள் வந்தபோதும், 1910இல் ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டது. பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. ஆணை வேறு, இடம் கிடைத்தல் வேறு என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1937இல் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பட்டதாரிகளையேனும் காணவேண்டும் என்பதே தம் விருப்பம் என அய்யன்காளி கூறியதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பள்ளி நுழைவை முடிவாகக் கொள்ளாமல், அதற்கு அப்பாலுள்ள வாழ்வை அவர் நோக்கினார் என்பது இங்கு நினையத்தக்கது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே ஊரில் வேறொரு விலக்கப்பட்ட பிரிவினருக்காக எழுந்த பள்ளியின் முன்னும் இவ்வினாவே நின்றது.

ஊராட்சியின் பள்ளி

கேரளத்தில் அறிவு வளர்ச்சிக் குறையுடைய குழந்தைகளுக்காக ஊராட்சிகள் நடத்தும் பள்ளிகள் ‘பட்ஸ்’ பள்ளிகள் எனப்படுகின்றன. அவற்றுள் முதலாவது 2004இல் வெங்கானூர் ஊராட்சியில் தொடங்கப்பட்டது. அய்யன்காளியின் பள்ளிக்கும் இதற்கும் இடையே சரியாக நூறாண்டு இடைவெளி அமைந்தது தற்செயலே. ஆயினும் ஊராட்சி ஒன்று இப்பணியை மேற்கொண்டது தற்செயலன்று. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் கணிசமான பகுதியை உள்ளாட்சிகளின் கையில் அளித்தது. 1998இல் தொடங்கிய குடும்பசிரீ இயக்கம் ஏழை மகளிரை அண்டைவீட்டுக் கூட்டங்களாக ஒருங்கிணைத்தது. நிதி ஊராட்சியிடமும் வீட்டின் நிலை குறித்த அறிவு மகளிர் கூட்டங்களிடமும் இருந்தமையால் பட்ஸ் பள்ளி இயன்றது எனலாம்.

அதற்கு முன்னும் நகரில் இத்தகு பணி இல்லாமலில்லை. ஜகதியில் செவித்திறன் குறையுடையோர்க்கும் வழுதக்காட்டில் பார்வைக் குறையுடையோர்க்கும் அரசுப் பள்ளிகள் உள்ளன. அறிவு வளர்ச்சிக் குறையுடையோர்க்கென முறிஞ்ஞபாலத்தில் 1980இல் தனி நிறுவனம் ஒன்று தோன்றியது. ஆனால் நகரத்து நிறுவனத்திற்கு நாள்தோறும் பிள்ளையை அழைத்துவர இயலாத கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவை எட்டாத் தொலைவிலேயே இருந்தன. பள்ளி ஊருக்குள் வந்ததன் முதற்பயன் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. பகற்பொழுது முழுவதும் பிள்ளையைக் காத்து வீட்டிலிருந்த தாய் வேலைக்குச் செல்லவும் அது வழி செய்தது. மாற்றுத்திறன் இளையோரின் தற்சார்பைக் குடும்பத்தின் தற்சார்பிலிருந்து பிரித்துக் காண இயலாது என்பதற்கு இது சான்றாகும்.

பட்ஸ் பள்ளிகள் பதினெட்டு வயது வரையினர்க்கு உரியன. அவ்வயதைக் கடந்தோர்க்கு பட்ஸ் மறுவாழ்வு மையங்கள் அமைக்கப்பட்டன. இருவகையும் சேர்ந்து மாநிலத்தில் 300க்கு மேற்பட்டுப் பெருகியுள்ளன. மையங்களில் காகிதப்பை, மெழுகுவர்த்தி, சோப்பு, மிதியடி முதலியன செய்யக் கற்பிக்கின்றனர். கையில் ஒரு தொழில் பழகுவது சிறிதன்று. எனினும் பயிற்சி பெறுபவர் எப்போது தொழிலாளர் ஆகிறார் என்னும் வினா இங்கு எழுகிறது. செய்த பொருளுக்கு நிலையான சந்தையும் செய்தவர்க்கு முறையான ஊதியமும் இல்லாதவிடத்து, மறுவாழ்வு மையம் பள்ளியின் நீட்சியாகவே நின்றுவிடுகிறது.

பேச்சுப் பயிற்சியிலிருந்து பட்டம் வரை

செவித்திறன் குறையுடையோர் வரலாறு சற்று வேறான வழியில் சென்றது. 1997இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட தேசியப் பேச்சு, கேட்பு நிறுவனம் (நிஷ்) குறையை இளமையிலேயே கண்டறிதல், பேச்சுப் பயிற்சி அளித்தல் ஆகியவற்றில் கருத்தூன்றியது. பள்ளிக் கல்வி முடித்த இளைஞர்கள் சாதாரணக் கல்லூரி வகுப்பில் ஆசிரியரின் உரையைப் பின்தொடர இயலாமல் தேங்கினர். அவர்களுக்கெனக் கணினி அறிவியலிலும் நுண்கலையிலும் பட்டப் படிப்புகளை அந்நிறுவனம் 2008இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு தொடங்கியது. வகுப்பில் சைகைமொழி பயன்பட்டது.

இவ்விரு பாடங்களின் தேர்வும் கருதத்தக்கது. நகரின் வடபுறத்தில் கழக்கூட்டத்தில் 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க் கணினித் தொழிலின் நிலைக்களமாக வளர்ந்திருந்தது. திரையிலும் எழுத்திலும் நடைபெறும் பணிக்குச் செவி இன்றியமையாததன்று. எனவே கல்விக்கும் அண்மையிலுள்ள வேலைக்கும் பாலம் அமைக்கும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். மெழுகுவர்த்தி செய்யும் மையத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளின் குறைவகையை மட்டும் சார்ந்ததன்று. பயிற்சியைத் தொடங்கும்போதே வேலை எங்குள்ளது என எண்ணினார்களா என்பதையும் சார்ந்தது.

வெள்ளாயணி ஏரிக்கரையில் 2009இல் பணியைத் தொடங்கிய ‘காந்தாரி’ நிறுவனத்தையும் இங்குச் சுட்டலாம். அதனை நிறுவியோருள் ஒருவரான செர்மானியப் பெண்மணி சப்ரியே டென்பெர்கென் பன்னிரண்டு வயதளவில் பார்வையை இழந்தவர்; திபெத்திய மொழிக்குப் பிரெய்ல் எழுத்து வகுத்தவர்; லாசாவில் பார்வையற்ற குழந்தைகளுக்குப் பள்ளி நிறுவியவர். உதவி பெறுபவராகக் கருதப்பட்டவரே நிறுவனம் நடத்துபவராக இயலும் என்பதற்கு அவர் வாழ்வு எடுத்துக்காட்டாகிறது.

சட்டமும் பதினெட்டு வயதும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கியது. பார்வைக் குறை, செவித்திறன் குறை, உடலியக்கக் குறை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு விழுக்காடாக அது பங்கிடப்பட்டது. அறிவு வளர்ச்சிக் குறை அச்சட்டத்தில் குறையாக ஏற்கப்பட்டிருந்தும் பணி ஒதுக்கீட்டில் இடம்பெறவில்லை. ஒதுக்கீடு 4 விழுக்காடாக உயர்ந்து இவர்களுக்கும் பங்கு கிடைத்தது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான். வெங்கானூர் பட்ஸ் பள்ளி தொடங்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே அங்குப் பயின்றோரின் பெயரைச் சட்டம் வேலைப் பட்டியலில் எழுதியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

புதிய சட்டம் இருபத்தொரு குறைவகைகளை ஏற்கிறது; 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறையுடையோர்க்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. ஆனால் பதினெட்டாம் வயதில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நேர்கின்றன. இலவசக் கல்வியுரிமை முடிகிறது, பள்ளி முடிகிறது, பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமையும் முடிகிறது. புற உலகச் சிந்தனையின்மை, மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்குறை ஆகியவற்றை உடையோர்க்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழு காப்பாளரை அமர்த்தலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, உரியவரோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட காப்பையே முன்வைக்கிறது. பாதுகாப்பை நாடும் பெற்றோரின் அச்சமும், தம் முடிவைத் தாமே எடுக்க விரும்பும் இளைஞரின் உரிமையும் இவ்விடத்தில் எதிர்ப்படுகின்றன. இரண்டுமே நியாயமுடையவை. நிலையான வேலை ஒன்று வாய்க்குமாயின் அச்சத்தின் பெரும்பகுதி நீங்கும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளுள் ஏறத்தாழ 36 விழுக்காட்டினரே உழைப்போராகப் பதிவாகியுள்ளனர் என்பது, அவ்வாய்ப்பு எத்துணை அரிது என்பதைப் புலப்படுத்தும்.

சொல்லும் பொருளும்

இக்காலப்பகுதியில் சொல்லும் மாறியது. தமிழில் ‘ஊனமுற்றோர்’ என்பது வழக்கிழந்து ‘மாற்றுத்திறனாளி’ என்பது நிலைபெற்றது. மலையாளத்தில் ‘விகலாங்கர்’ என்பதன் இடத்தில் ‘பின்னசேஷி’ உடையோர் என்னும் வழக்கு வந்தது. ‘சேஷி’ என்பது ஆற்றல் எனப் பொருள்படும். இரு மொழிகளும் குறையைச் சுட்டும் சொல்லைக் கைவிட்டு ஆற்றலைச் சுட்டும் சொல்லை ஏற்றன. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் திறனாளி எனப் பெயரிட்ட பின் அத்திறனுக்கு உரிய பணியை அளிக்காதிருத்தல் சொல்லை வெறும் முகமன் ஆக்கிவிடும்.

முடிவுரை

திருவனந்தபுரத்தின் வரலாறு, பள்ளி நுழைவு, தொழிற்பயிற்சி, பட்டக்கல்வி, சட்டப்பாதுகாப்பு என ஒவ்வொரு படியாக வளர்ந்தது. ஒவ்வொரு படியும் எட்டப்பட்ட பின்னரே அடுத்த படியின் இன்மை உணரப்பட்டது. பயிற்சிக்கு முன்னரே வேலையையும், பதினெட்டு வயதுக்கு முன்னரே அதற்குப் பிந்திய வாழ்வையும் திட்டமிடுதல் இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.

ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 618ஆம் குறளில் வரும் ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். பிற்கால உரையாசிரியர் சிலர் உடலுறுப்பு எனக் கொண்டனர். எப்பொருளைக் கொள்ளினும், அதன் இன்மை எவர்க்கும் பழியன்று. அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்பது குறளின் கருத்து. வெங்கானூரின் பிள்ளைகளும் அவர்தம் தாயரும் முயலாதவர் அல்லர். பணியிடத்தைத் திறந்துவைக்க வேண்டியவர்கள் முயன்றனரா என்பதே இனி ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.