தென் அமெரிக்கக் கடலோர நகரங்கள்: தன்பாலின ஈர்ப்பாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு எங்கே?

பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில், ஃபார்மே டி அமோயெடோ தெருவை ஒட்டிய இபனேமா கடற்கரை, தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் இடமாக நெடுங்காலமாக அறியப்படுகிறது. பகலில் மணற்பரப்பில் வானவில் கொடிகள் பறக்கும். மாலையில் அத்தெருவின் மதுக்கூடங்கள் நிறையும்.

பிரேசிலில் தன்பாலினத் திருமணம் 2013 முதல் நாடு முழுவதும் செல்லுபடியாகும். தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதான வெறுப்புச் செயல்களை இனவெறிக்கு இணையான குற்றமாக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் அறிவித்தது. ஆயினும், திருநர்கள் மீதான வன்முறை அங்கு ஓயவில்லை.

உருகுவே தலைநகர் மான்டிவிடியோவின் பழைய நகரப் பகுதியில், பாலினப் பன்மையைப் போற்றும் சதுக்கம் 2005-இல் திறக்கப்பட்டது. 2013-இல் அங்கு திருமண உரிமையும் கிடைத்தது. அர்ஜென்டினாவில் 2010-இலும், கொலம்பியாவில் 2016-இலும், சிலியில் 2022-இலும் இவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது.

பெரு தலைநகர் லிமாவின் மிராஃப்ளோரஸ் பகுதியிலும் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான கேளிக்கைக் கூடங்கள் உள்ளன. எனினும், அவர்களது திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் ஏற்பதில்லை. தென் அமெரிக்காவில் கயானாவில் மட்டும், ஆண்களுக்கு இடையிலான பாலுறவு இன்றும் சட்டப்படி குற்றமாகும். அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனும் கடலோர நகரமே.

எனவே, நகரின் இரவு வாழ்க்கையைப் பற்றி விசாரிக்கும் முன், அந்நாட்டின் சட்டத்தை அறிந்துகொள்வது பயணிகளுக்கு அவசியம்.