பின்வரிசையில் நின்றவனின் பிழை

“அடிச்சு விடடா வெளியாலை!”

வேலணையில் உதைபந்தாட்டம் ஆடிய என் தலைமுறையினர் எவருக்கும் இந்தக் குரல் மறந்திருக்காது. பந்து எங்கள் கோல் கம்பத்தை நெருங்கிவிட்டால், எல்லைக்கோட்டருகே குடையுடன் நின்ற முதியவர்கள் முதல் சைக்கிள் கரியரில் குந்தியிருந்த சிறுவர்கள் வரை ஒரே மூச்சில் இதைத்தான் கத்துவார்கள். பின்வரிசையில் நிற்பவனுக்கு ஊர் விதித்திருந்த கடமை ஒன்றுதான். பந்தைக் கண்டதும் பனை உயரத்துக்கு அடித்து அனுப்பிவிட வேண்டும். அது யாருடைய காலில் போய் விழுகிறது என்பது அவனுடைய கவலையன்று.

இன்று நிலைமை தலைகீழ். பந்துக்காப்பாளர் தனக்குப் பக்கத்தில் நிற்கும் பின்கள வீரருக்குப் பந்தை மெல்லத் தட்டிவிடுகிறார். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கிறார். எதிரணியினர் பாய்ந்து வரும்வரை காத்திருந்து, அவர்கள் விட்டுவந்த வெளியினூடாகப் பந்தை முன்னே நகர்த்துகிறார்கள். பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். தப்பாத ஒரு தடவையை மட்டும் மறுநாள் முழுவதும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். 2025 மார்ச் 25 அன்று ஷில்லொங்கில் இந்தியாவும் பங்களாதேஷும் மோதிய ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். முதல் நிமிடத்திலேயே இந்தியக் காப்பாளர் விஷால் கைத் உதைத்த பந்து நேரே எதிரணி வீரரின் காலுக்குப் போயிற்று. அவர் அடித்தது வலையின் வெளிப்புறத்தில் பட்டதால் இந்தியா பிழைத்தது. ஆட்டம் கோலின்றி முடிந்தது.

இத்தகைய தவறைக் காணும்போதெல்லாம், இவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கிறோம். அந்த வேலையை அவனுக்குக் கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் ஒன்றரை நூற்றாண்டுக் கதை விரிகிறது.

1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோ நகரில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய முதலாவது சர்வதேச ஆட்டத்தில், இங்கிலாந்து வீரர்கள் பந்தைத் தனித்தனியே உருட்டிச் செல்ல, ஸ்கொட்லாந்து வீரர்கள் தமக்குள் அதைப் பரிமாறி ஆடினர். ஆயினும் அந்தப் பரிமாற்றம் பின்வரிசைக்கு வந்து சேர நெடுங்காலம் எடுத்தது. 1925ஆம் ஆண்டில் ஓப்சைட் விதி மாறியது. பந்தை வாங்குபவருக்கு முன்னால் எதிரணியினர் மூவர் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இருவராகத் தளர்ந்தது. கோல்கள் குவிந்தன. அதைத் தடுக்க, நடுக்களத்தில் ஆடிய சென்ரர் ஹாப் பின்னே இழுக்கப்பட்டுக் காவலாளி ஆக்கப்பட்டார். தடுப்பதும் துரத்தி அடிப்பதுமே அவர் தொழிலாயிற்று. 1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என வென்ற ஹங்கேரி அணியில் வேறொரு காட்சி தெரிந்தது. காப்பாளர் கியூலா குரோசிக்ஸ் தன் எல்லையை விட்டு முன்னே வந்து, நான்காவது பின்கள வீரரைப் போல ஆடினார்.

இவையெல்லாம் வேலணைக்கு எட்டாத செய்திகள். எங்களுக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தது சோளகக் காற்று.

தீவுக்காற்றை அறியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். வைகாசிக்குப் பின் தென்மேற்கிலிருந்து கடலைக் கடந்து வரும் அந்தக் காற்று மாதக்கணக்கில் ஓயாது. பனைகளெல்லாம் ஒரு பக்கமாகத் தலைசாய்த்து நிற்கும். அந்தக் காற்றுக்கு எதிரே பந்தை உயர அடித்தால், அது நடுக்கோட்டைக்கூட எட்டாமல் அந்தரத்தில் நின்று, அடித்தவனைத் தேடித் திரும்பி வரும். ஆகவே காற்றை எதிர்கொள்ளும் பாதி ஆட்டத்தில் எங்கள் மாஸ்ரர் ஓர் உத்தியைச் சொல்லித் தந்திருந்தார். கோல் உதையைக் காப்பாளர் நீட்டி அடிக்கக் கூடாது. ‘பெட்டி’ என்று நாங்கள் அழைத்த தண்ட உதை எல்லைக்குச் சற்று வெளியே நிற்கும் புல்பாக்குக்குத் தட்டிவிட வேண்டும். அவன் உடனே காப்பாளரிடம் திருப்பிக் கொடுப்பான். காப்பாளர் அதைக் கையில் எடுத்து, ஆறுதலாக ஆள் பார்த்து எறிவார். அந்நாளைய விதியில் அதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. உலகின் பெரிய அணிகளும் அதைத்தான் செய்தன என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் புல்பாக் நான். 1986ஆம் ஆண்டு, எனக்குப் பதினேழு வயது. பக்கத்து ஊருடன் ஆட்டம். காற்று எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை உத்தி பலித்தது. மூன்றாவது தடவை நான் திருப்பிக் கொடுத்த பந்து, பெட்டிக்குள் மணல் குவிந்திருந்த ஓரிடத்தில் வேகம் இழந்து நின்றுவிட்டது. எங்கள் மைதானம் அப்படிப்பட்டது. ஓரிடம் காய்ந்த தரை, ஓரிடம் மணல், ஓரத்தில் நெருஞ்சி, ஆடுவதோ வெறுங்காலுடன். நின்ற பந்தை நோக்கி ஓடிவந்தவன் அவர்களுடைய முன்கள வீரன். அதற்குப் பிறகு சொல்ல என்ன இருக்கிறது? 1-0. அதுவே முடிவுமாயிற்று.

ஓராண்டுக்கு ஊரில் என் பெயர் ‘பாஸ்’. தேநீர்க் கடையில் பாஸ், வாசிகசாலையில் பாஸ். “உன்ரை பெடியன் ஏன் பிள்ளை பந்தைப் பின்னுக்குக் குடுத்தவன்?” என்று கிணற்றடியில் அம்மாவைக்கூட ஒருவர் கேட்டாராம். உதைபந்தாட்டம் என்றால் என்னவென்று அறியாத அம்மா என்ன பதில் சொல்லியிருப்பார்! அப்படி ஆடச் சொன்ன மாஸ்ரர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் நல்ல மனிதர். எங்களுக்காகத் தன் கைக்காசில் பந்து வாங்கித் தந்தவர். ஆனாலும் அந்த மௌனம் எனக்கு நெடுநாள் உறுத்தியது.

1990 ஜூன் 8 அன்று இத்தாலியில் உலகக் கிண்ணம் ஆரம்பமாயிற்று. மூன்று நாட்களில் இங்கே போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. றேடியோவுக்கான பற்றரியைச் செய்திக்கு மட்டும் என்று வீடுகளில் ஒதுக்கி வைத்தார்கள். ஆகவே ஜூன் 23 அன்று நேப்பிள்ஸ் நகரில் நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை. கொலம்பியாவுக்கும் கமரூனுக்கும் இடையிலான அந்த ஆட்டத்தின் மேலதிக நேரத்தில், கொலம்பியக் காப்பாளர் ரெனே ஹிகுயிட்டா தன் எல்லையை விட்டு வெகுதூரம் முன்னே வந்து, சக வீரரிடம் பெற்ற பந்தைக் காலால் இழுத்து எதிராளியை ஏய்க்க முயன்றார். எதிரே நின்றவர் முப்பத்தெட்டு வயது ரோஜர் மில்லா. பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, வெறுமையாய்க் கிடந்த கோலுக்குள் அடித்தார். கமரூன் 2-1 என வென்று காலிறுதிக்குப் போயிற்று. அந்தக் காட்சியை நான் முதன்முதலாகக் கண்டது பல ஆண்டுகளுக்குப் பின், கொழும்பில் ஒரு பத்திரிகை அலுவலகத்துத் தொலைக்காட்சியில். சுற்றி நின்ற சகபாடிகள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் நுழைந்தது. கடல் கடந்து குடாநாட்டில் கரையேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் அணியின் பதினொருவரும் அதன் பின் ஒரே மைதானத்தில் கூடியதில்லை.

உலகக் கிண்ணக் கதைக்குத் திரும்புகிறேன். 1990ஆம் ஆண்டுப் போட்டியின் 52 ஆட்டங்களில் 115 கோல்களே அடிக்கப்பட்டன. ஆட்டத்துக்குச் சராசரி 2.21. எந்த உலகக் கிண்ணத்திலும் இவ்வளவு குறைவாக இருந்ததில்லை. பின்கள வீரர் கொடுப்பதும் காப்பாளர் கையில் எடுப்பதுமாக நேரத்தைக் கொன்றது பார்வையாளருக்குச் சலித்துவிட்டது. 1992 ஜூன் 26 அன்று ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ஜேர்மனியை 2-0 என வென்ற டென்மார்க்கும் இந்த உபாயத்தைத் தாராளமாகப் பயன்படுத்தியது. அதுவே பழைய விதியின் கீழ் நடந்த கடைசிப் பெரும் போட்டி. சக வீரர் வேண்டுமென்றே காலால் கொடுக்கும் பந்தைக் காப்பாளர் கையால் தொடலாகாது என்ற விதி அதே கோடையில் பார்சிலோனா ஒலிம்பிக்கிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 1997இல் எல்லையிலிருந்து கையால் எறியும் பந்துக்கும் அது விரிந்தது.

எங்கள் மாஸ்ரரின் உத்தி அத்துடன் சட்டவிரோதமாயிற்று என்பது ஒருபுறம் இருக்கட்டும். இவ்விதியின் உண்மையான விளைவு வேறு. அதுவரை தடுமாறும் பின்கள வீரனுக்கு ஒரு புகலிடம் இருந்தது, அது காப்பாளரின் கைகள். விதி அதைப் பறித்தது. காப்பாளரும் காலால் ஆடியே தீரவேண்டும் என்றாயிற்று. பின்னர் 2019இல் கோல் உதை விதியும் மாறியது. பந்து பெட்டியைத் தாண்டவேண்டியதில்லை, பெட்டிக்குள் நிற்கும் சக வீரரே அதை வாங்கலாம் என்றனர். ஆட்டம் இப்போது கோல் வாசலிலேயே தொடங்குகிறது. தவறும் அங்கேயே நிகழ்கிறது. அங்கே நிகழும் தவறைத் திருத்த வேறு ஆள் இல்லை.

தவறின் பொறுப்பை யார் ஏற்பது என்பதற்கு 2016ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைப்பேன். மன்செஸ்டர் சிற்றி அணிக்குப் பயிற்றுநராக வந்த பெப் குவார்டியோலா, ஜோ ஹார்ட்டை ஒதுக்கி, காலால் நன்றாக ஆடும் கிளோடியோ பிராவோவைக் காப்பாளராக்கினார். அவ்வாண்டு ஒக்ரோபர் 19 அன்று பார்சிலோனாவில் பிராவோ கொடுத்த பந்து நேரே லூயிஸ் சுவாரெஸிடம் போயிற்று. அவர் திருப்பி அடித்ததைப் பெட்டிக்கு வெளியே கையால் தடுத்த பிராவோவுக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. சிற்றி 4-0 எனத் தோற்றது. அதன் பின்னரும் இந்த முறையைக் கைவிடப் போவதில்லை என்று குவார்டியோலா பகிரங்கமாகவே சொன்னார். அவருடைய பிடிவாதத்தைப் பலர் ஏசினர். ஏசப்பட்டவர் அவர் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

போரில் சிதைந்த யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு புனரமைக்கப்பட்டு 2016 ஜூன் 18 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. பின்னொரு நாள் அங்கே ஓர் ஆட்டம் பார்த்தேன். பின்வரிசைப் பையன் ஒருவன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து ஆள் தேடினான். “அடிச்சு விடடா!” என்று எனக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார். பையன் காதில் வாங்காமல் பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டினான். தப்பிவிட்டது.

அன்றிரவு, எங்கள் அணியில் காப்பாளனாக நின்றவனுடன் தொலைபேசியில் பேசினேன். இப்போது பாரிஸில் இருக்கிறான். பேச்சு 1986ஐச் சுற்றிப் போயிற்று. அந்தக் கோலைப் பற்றி நான் முதன்முதலாக அவனிடம் வாய் திறந்தேன்.

“டேய் மச்சான், அது நீ விட்ட பிழையோ?” என்றான். “நான் முன்னுக்கு ஓடிவந்து எடுக்காமல், பந்து வருமெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். நான்தான் விட்டதெண்டு எல்லோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, அந்தக் கோல் கம்பங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டான்.