நீரிணையும் ஏரியும்: ஓர் ஆர்க்டிக் விரிகுடாவின் பெயர்கள்

கனடாவின் பாஃபின் தீவின் தென்கிழக்கில் ஏறத்தாழ 230 கி.மீ. நிலத்தைப் பிளந்து உட்செல்லும் கடற்பகுதி ஃபுரோபிஷர் விரிகுடா எனப்படும். 1576இல் சீனத்திற்கு வடமேற்கு வழி தேடிய ஆங்கிலேயர் மார்ட்டின் ஃபுரோபிஷர் இதனை நீரிணை எனக் கொண்டார். வடகரையை ஆசியா எனவும் கருதினார். பின்வந்த நிலப்பட வரைவாளர் சிலர் அந்'நீரிணை'யைக் கிரீன்லாந்தின் தென்பகுதிக்கே பெயர்த்துவிட்டனர். 1861இல்தான் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஹால் என்னும் அமெரிக்கர், இனுயிட் மக்களின் துணையோடு உள்முனை வரை சென்று, இது விரிகுடாவே என நிறுவினார். ஃபுரோபிஷரின் கப்பல்கள் வந்த செய்தியை அம்மக்கள் வாய்மொழியாகவே காத்துவந்தமையும் அப்போது வெளிப்பட்டது.

இனுக்டிடுட் மொழியில் இதன் பெயர் தசியுயர்யுவக். 'தசிக்' ஏரி, '-உயக்' போன்றது, '-யுவக்' பெரியது. நீரிணை என்னும் மயக்கத்திற்கு இப்பெயரில் இடமே இல்லை. முதற்சொல்லின் ஈற்றுமெய் கெடுகின்றது. அடுத்ததன் ஈறு ரகரமாகத் திரிகின்றது. தமிழ்ப் புணர்ச்சி கற்றார்க்கு இது வியப்பன்று.

விரிகுடாத் தலைப்பில் அமைந்த ஊரும் ஃபுரோபிஷர் பெயராலேயே வழங்கியது. 1987இல் இக்கலுயிட் ஆயிற்று. 'இக்கலுக்' மீன், '-இட்' பன்மை ஈறு. 'மீன் மிகுந்த இடம்' என்பது விளக்கமேயன்றிச் சொற்பொருள் அன்று. மொழிபெயர்ப்பாளர் இவ்விரண்டையும் கலத்தலாகாது. இதன் ககரம் உள்நாக்கில் பிறக்கும் ஒலி. அதற்குரிய உரோமன் எழுத்தின்பின் ஆங்கிலப் பழக்கத்தால் உகரம் சேர்ப்பின் பெயர் இழிபொருள் தரும். கனடியப் பிரதமர் அலுவலகமே 2009இல் அவ்வாறு எழுதிப் பின்னர்த் திருத்திக்கொண்டது.