32 வீடுகளுக்குப் போன வசனம்

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நம் சபைகளில் இன்னொரு வரிசை நகரும். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் சிறு அட்டைகளில் ஆளுக்கொன்று எடுப்போம். பாட்டி முதல் பள்ளிப் பிள்ளை வரை எல்லோரும் தங்கள் வாக்குத்தத்த வசனத்தை அங்கேயே வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். அந்த அட்டை பிறகு வேதாகமத்துக்குள் போகும். பீரோ கண்ணாடியில் ஒட்டப்படும். இதோடு அனுதின மன்னா புத்தகம் உண்டு, நாளுக்கொரு தாள் கிழிக்கும் வசனக் காலண்டர் உண்டு, விடிவதற்கு முன்பே கைபேசிக்கு வந்து சேரும் வசனப் படங்களும் உண்டு.

நாளுக்கு ஒரு வசனம் என்ற இந்த வழக்கத்துக்கு ஒரு பிறந்த ஊர் இருக்கிறது. ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், சாக்சனி மாநிலத்தில் உள்ள ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர் அது. அங்கிருந்து 1731 முதல் ஒரு வருடம்கூட விடுபடாமல் அனுதின வசனப் புத்தகம் வந்துகொண்டிருக்கிறது. ஜெர்மானியர் அதை லோசுங்கன் என்பார்கள். அது பிறந்த விதத்தை அறிந்தால், கையில் உள்ள அட்டையை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற கேள்வி தானாக எழும்.

ஹெர்ன்ஹூட் அகதிகள் எழுப்பிய ஊர். பொகிமியாவிலும் மொராவியாவிலும் யான் ஹுஸ் என்ற சீர்திருத்தவாதியின் வழிவந்த விசுவாசிகள் 1457-லேயே ஒரு சகோதர சபையாகக் கூடியிருந்தார்கள். அடுத்த நூற்றாண்டுகளில் ஹாப்ஸ்பர்க் ஆட்சி அவர்களை நசுக்கியது. எஞ்சியவர்கள் பயந்து பயந்து, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தார்கள். அவர்களில் சிலரை கிறிஸ்டியான் டேவிட் என்ற தச்சர் எல்லை தாண்டி அழைத்துவந்தார். நிக்கோலாஸ் லுட்விக் வான் சின்செண்டார்ஃப் என்ற பிரபு தம் நிலத்தில் இடம் கொடுத்தார். பிரபுவுக்கு அப்போது 22 வயது. 1722 ஜூன் 17 அன்று கிறிஸ்டியான் டேவிட் முதல் மரத்தை வெட்டினார். ஊர் எழும்பத் தொடங்கியது.

ஊரோடு சண்டையும் எழும்பியது. மொராவியர் வந்தார்கள்; லூத்தரன்கள் வந்தார்கள்; சீர்திருத்த சபையார் வந்தார்கள்; வேறு குழுக்களும் வந்து சேர்ந்தன. விசுவாசத்துக்காக வீடு வாசலை விட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு பிடிவாதத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். திருவிருந்தை எப்படி ஆசரிப்பது, யாருக்கு யார் கீழ்ப்படிவது என்று வாக்குவாதம் முற்றியது. இடம் கொடுத்த பிரபுவையே வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகம் என்று ஒருவர் தூற்றும் அளவுக்குப் போனது.

1727-இல் சின்செண்டார்ஃப் டிரெஸ்டன் அரசவை வேலையை விட்டு ஒதுங்கி ஹெர்ன்ஹூட்டுக்கே வந்து தங்கினார். பெரிய பிரசங்கத்தைவிட வீடு சந்திப்பையே நம்பினார். ஒவ்வொரு குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசினார். மே 12 அன்று ஊரார் ஒன்றாக வாழ்வதற்கான உடன்படிக்கையை ஏற்றார்கள். ஆகஸ்ட் 13 அன்று பக்கத்துப் பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் திருவிருந்துக்குக் கூடியபோது, முகம் பார்க்காமல் இருந்தவர்கள் ஒருவரையொருவர் மன்னித்து ஒப்புரவானார்கள். மொராவிய சபை அந்த நாளையே தன் மறுபிறப்பாக நினைவுகூருகிறது. அதே மாதம் 27-ஆம் தேதி, இரவும் பகலும் மணிக்கு மணி முறை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்த ஜெபச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேல் அறுபடாமல் நீண்டது.

ஒப்புரவாவது ஒரு நாளில் நடந்துவிடலாம். ஒப்புரவாகவே வாழ்வதற்கு ஒவ்வொரு நாளும் ஏதாவது வேண்டும். அனுதின வசனம் பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான்.

1728 மே 3 அன்று மாலை, வழக்கமான பாடல் ஆராதனைக்குச் சபை கூடியிருந்தது. முடிவில் சின்செண்டார்ஃப் ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லி, நாளைய தினத்துக்கு எல்லோரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த முதல் வாக்கியம் வேத வசனமல்ல, கிறிஸ்துவின் அன்பைப் பற்றிய ஒரு பாட்டின் அடி. மறுநாளுக்கு இன்னொன்று, அதற்கு மறுநாளுக்கு இன்னொன்று என்று வழக்கம் வளர்ந்தது. வேத வசனமே அதன் மையமானது.

ஊரில் அப்போது 32 வீடுகள். காலையில் சபையில் ஒருவர் புறப்பட்டு அன்றைய வசனத்தை வீடு வீடாகக் கொண்டுபோவார். தறியில் இருக்கும் நெசவாளி, அடுப்படியில் இருக்கும் தாய், படுக்கையில் கிடக்கும் முதியவர் என எல்லோருக்கும் ஒரே வசனம். அதைச் சொல்லிவிட்டு அவர் உடனே கிளம்பிவிடுவதில்லை. வீட்டில் எல்லோரும் சுகமா, ஆத்துமா எப்படி இருக்கிறது, என்ன பாரம் என்று விசாரிப்பார். வசனம் உள்ளே போகும். வீட்டின் நிலை வெளியே வரும். சபை கூடும்போது எந்த வீட்டுக்கு என்ன தேவை என்று தெரிந்திருக்கும்; அதற்காக ஜெபிக்கவும் உதவி செய்யவும் முடியும். முந்திய வருடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த தெருக்கள் இவை. பேசாமல் இருந்தவனின் வாசலிலும் வசனத்தோடு நின்றாக வேண்டும் என்ற ஒழுங்கு எவ்வளவு காயங்களைக் கட்டியிருக்கும்!

மூன்று ஆண்டுகளில் அது அச்சுக்குப் போனது. 1731-ஆம் ஆண்டுக்கான வசனங்கள் முழுவதும் ஒரு சிறு புத்தகமாக வந்தன. அதன்பின் பஞ்சம் வந்தது, போர் வந்தது, 1945 மே மாதத்தில் ஹெர்ன்ஹூட்டின் நடுப்பகுதியே தீக்கிரையானது, புத்தகம் நிற்கவில்லை. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்தபோது ஊர் கிழக்கில், கம்யூனிஸ்ட் ஆட்சிக்குள் இருந்தது. எல்லைக்கு இருபுறமும் கிறிஸ்தவர்கள் அதே நாளில் அதே வசனத்தை வாசித்தார்கள். இன்று 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது வெளியாகிறது.

வசனங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன? ஏறத்தாழ 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்கள் சீட்டுகளாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஜெபித்துவிட்டு, ஒரு கிண்ணத்திலிருந்து நாளுக்கு ஒரு சீட்டாகக் குலுக்கி எடுக்கிறார்கள். இது ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன்பாகவே நடந்துவிடுகிறது. எடுத்த வசனத்துக்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் ஆட்கள் உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பாட்டின் அடியோ சிறு ஜெபமோ வரும். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, அதற்குச் சபையின் மறுமொழி. ஒரு நாளின் பக்கம் அவ்வளவுதான்.

சீட்டுக் குலுக்குவதில் ஒரு ஞானம் இருக்கிறது. எனக்குப் பிடித்த வசனத்தை நான் தேர்ந்தெடுக்க முடியாது. போதகரும் தமக்கு வசதியானதைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆறுதல் வரும் நாளும் உண்டு, கட்டளை வரும் நாளும் உண்டு. துதியும் வரும், கண்டிப்பும் வரும், புலம்பலும் வரும். வருவதைக் கேட்க வேண்டியதுதான்.

இந்தப் புத்தகம் பிறந்த இடத்துக்கும் நம் சோழமண்டலக் கரைக்கும் உறவு உண்டு. சின்செண்டார்ஃப் சிறுவனாகப் படித்தது ஜெர்மனியின் ஹாலே நகரில், ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் பள்ளியில். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த மிஷனெரி சீகன்பால்குவுக்கு ஆதரவாக நின்ற இடம் அது. தமிழ் மக்களிடையே நடக்கும் ஊழியத்தின் செய்திகளைக் கேட்டே அந்தப் பையன் வளர்ந்தான். 1715-இல் சீகன்பால்கு ஐரோப்பா போனபோது ஹாலேக்கும் சென்றார். பிற்காலத்தில் ஹெர்ன்ஹூட்டிலிருந்து உலகெங்கும் மிஷனெரிகள் புறப்பட்டதற்கான விதைகளில் ஒன்று தரங்கம்பாடி மண்ணில் முளைத்தது.

1732-இல் அந்தச் சிற்றூரிலிருந்து இரண்டு பேர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு, அங்கே அடிமைகளாக உழைத்தவர்களிடம் போனார்கள். அடுத்த வருடம் வேறு சிலர் கிரீன்லாந்துக்குப் போனார்கள். 1760-இல் மொராவிய சகோதரர்கள் தரங்கம்பாடிக்கே வந்து, பொறையாறு அருகே ஒரு தோட்டத்தில் குடியேறினார்கள். சகோதரர் தோட்டம் என்று அதற்குப் பெயர். கைத்தொழில் செய்து தங்களைத் தாங்களே பராமரித்துக்கொண்ட ஊழியர்கள் அவர்கள். அங்கிருந்து 1768-இல் நிக்கோபார் தீவுகளுக்குப் போய், காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். ஊரில் இருந்தாலும் கடல் தாண்டிப் போனாலும் அந்தச் சபையாரின் நாள் அன்றைய வசனத்தோடுதான் தொடங்கியது.

இந்தப் புத்தகத்தை உயிர்மூச்சாகப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர். 1933 நவம்பரில் பெர்லின் விளையாட்டு அரங்கில் நாஜி ஆதரவு சபைப் பிரிவினர் கூடி, பழைய ஏற்பாட்டையே தூக்கியெறிய வேண்டும் என்று முழங்கினார்கள். நாள்தோறும் பழைய ஏற்பாட்டு வசனத்தோடு தொடங்கும் ஒரு சிறு புத்தகம் அந்த நாட்களில் எத்தகைய சாட்சியாக நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. அதில் தொடர்புடையவர்களோடு பழகியிருந்த போன்ஹோஃபர் பெர்லின் டெகல் சிறையில் இருந்தார். இனி தமக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நேற்றும் இன்றும் வந்த வசனங்கள் தமக்கு மகிழ்ச்சி தந்ததைக் குறிப்பிடுகிறார். ஜூலை 20-க்கு வந்தது, இரதங்களையும் குதிரைகளையும் நம்புகிறவர்களைப் பற்றிய 20-ஆம் சங்கீத வசனம். ஜூலை 21-க்கு வந்தது 23-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

மேய்ப்பரைப் பற்றிய வசனம் வந்தும் தூக்குமேடை விலகவில்லை. போன்ஹோஃபர் அந்த வசனத்தை விடுதலைக்கான முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்குமேடை வரை கூட வருகிறவர் யார் என்பதை அதில் கண்டார். வாக்குத்தத்தம் என்றால் இதுதான். இந்த இடத்தில்தான் நாம் வழி தவறுகிறோம். பல சபைகளில் அட்டை அச்சிடும்போதே ஆசீர்வாத வசனங்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். பெருகுவாய், உயருவாய், வாலாகாமல் தலையாவாய். அழைப்பும் கட்டளையும் கண்டிப்பும் அந்தத் தட்டுக்கு வருவதே இல்லை. எடுத்த அட்டையையும் வருட பலன் பார்ப்பதுபோலப் பார்க்கிறோம். நல்லது நடந்தால் வசனம் பலித்தது என்கிறோம். நடக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று நொந்துகொள்கிறோம். முழு அதிகாரத்தில் அந்த வசனம் யாருக்கு, எந்தத் துன்பத்தில் சொல்லப்பட்டது என்று திறந்து பார்ப்பதில்லை.

அட்டையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு வசனம் நல்ல வழக்கம்; பலரை வேதத்தோடு கட்டி வைத்திருக்கும் வழக்கம். ஆனால் அது தனி மனிதனின் பர்ஸுக்காகப் பிறந்ததல்ல, பிளவுபட்ட ஒரு சபை சேர்ந்து வாழ்வதற்காகப் பிறந்தது. ஒரே வசனம் ஊர் முழுவதையும் அன்றைக்கு ஒன்றாக வைத்திருந்தது. அது ஒரு மனிதரின் காலில் நடந்து போனது. வாசலில் நின்று சுகம் விசாரித்தது. இன்று காலை நாற்பது பேருக்கு ஒரு படத்தை அனுப்பிவிடுகிறோம். நாற்பதில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்றுகூட நமக்குத் தெரிவதில்லை.

ஆகவே இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு நாளாவது, அன்றைய வசனத்தின் முழு அதிகாரத்தையும் வாசித்துவிட்டு, அந்த வசனத்தை ஒரே ஒரு வீட்டுக்கு நேரில் கொண்டுபோங்கள். ஆலயத்துக்கு வர முடியாத பெரியவர் வீடாக இருக்கட்டும். இல்லை, நீங்கள் பேசிப் பல மாதமான உறவினர் வீடாக இருக்கட்டும். வாசித்துக் காட்டுங்கள், விசாரியுங்கள், ஜெபியுங்கள். சபை மூப்பர்கள் இதைத் தெருத்தெருவாகப் பிரித்துக்கொடுத்தால் இன்னும் நல்லது. ஹெர்ன்ஹூட் செய்ததும் இவ்வளவுதான். அதற்குப் பணமும் வேண்டியதில்லை, பட்டமும் வேண்டியதில்லை, கதவைத் தட்டுகிற மனம் இருந்தால் போதும்.