அளவுகோலும் வேஷமும்

பெண்களைப் படமெடுத்து வகைப்படுத்தும் வேலை நம் பக்கத்தில் பழையது. 1869இல் ஜான் லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர் ஒரு முறையைச் சொன்னார்: மரச்சட்டத்தில் இரண்டு அங்குலக் கட்டங்களாகப் பட்டு நூலை இழுத்துக் கட்டு, அதன் முன்னால் ஆளை நிறுத்து, படமெடு. உடலை ஒப்பிட்டு அளக்க அது போதும். மதராஸ் அருங்காட்சியகத்துக்கு 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், தலையையும் மூக்கையும் அளந்து அளந்து சேர்த்த விவரங்களோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தேன்கனிக்கோட்டை மலைகளில் இன்றும் வாழும் இருளர்கள் அந்தத் தொகுதிகளில் ஓர் அத்தியாயம். நீலகிரியின் தோடர்கள் இன்னொரு அத்தியாயம்.

அந்தக் கட்டங்களின் முன்னால் நூறாண்டு கழித்து ஒரு பெண் தானாகவே போய் நின்றார், விளையாட்டாக.

அவர் புஷ்பமாலா என். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் 1956இல் பிறந்தவர். பரோடாவில் சிற்பம் படித்துச் சிற்பியாகப் பெயர் வாங்கியவர், 1990களின் நடுவில் கேமராவின் முன் வேஷம் கட்டத் தொடங்கினார். ‘ஃபேன்டம் லேடி’ (1996–98) வரிசையில் முகமூடி போட்டுக்கொண்டு மும்பையில் திரிந்தார். 1935இல் ‘ஹண்டர்வாலி’யில் சாட்டை சுழற்றிய நாடியாவின் வாரிசு அந்த முகமூடிக்காரி. பொத்தானை அழுத்துபவர் பெரும்பாலும் வேறொருவர். அப்படியானால் இவரை எப்படிப் புகைப்படக் கலைஞர் என்பது என்று வகுப்பில் கேட்பார்கள். கூத்தில் மத்தளம் அடிக்காதவர் கூத்தாடி இல்லையா என்று திருப்பிக் கேட்பேன்.

2000 முதல் 2004 வரை பெங்களூருப் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து அவர் செய்தது ‘நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா: மேனர்ஸ் அண்ட் கஸ்டம்ஸ்’. தலைப்பே காலனிய நூல்களைக் கேலி செய்கிறது. தென்னிந்தியப் பெண்ணைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்ட பத்துப் படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தன் உடலில் ஏற்றிப் பார்த்தார். ரவி வர்மாவின் நிலவொளிப் பெண், வேளாங்கண்ணி மாதா, பிஜப்பூர் சிற்றோவியத்து யோகினி, 1970களின் தமிழ்ப் பட ஸ்டில்லில் சாட்டை சொடுக்கும் நாயகி, செய்தித்தாளில் வந்த பெண் குற்றவாளிகள், அளவெடுக்கப்பட்ட தோடர் பெண். தெய்வமும் திருடியும் ஒரே முகத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

படச்சீலை, நகை, ஒப்பனை எல்லாவற்றையும் ஆட்களை வைத்து ஜோடித்தார்கள். ரவி வர்மா லட்சுமிக்கு நான்கு கைகள், நடிப்பவருக்கு இரண்டுதான். மீதியை எப்படியாவது ஒப்பேற்ற வேண்டும். இந்த ஒப்பேற்றலை அவர்கள் மறைக்கவில்லை. படப்பிடிப்பின் பின்புறத்தையே தனி வரிசையாகக் காட்சிக்கு வைத்தார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பகுதி. தெய்வக்களையும் குற்றவாளிக்களையும் எத்தனை பேர் சேர்ந்து செய்யும் வேலை என்று அதில் தெரிகிறது. மூலப் படங்களும் இப்படித்தானே செய்யப்பட்டிருக்கும்! தர்ஸ்டனின் காலத்துப் படங்கள் மட்டும் ஜோடனையே இல்லாத உண்மை என்று நாம் ஏன் நம்பினோம்?

இன்னொரு வரிசையில் கட்டம் போட்ட துணிக்கு முன்னால் அளக்கும் விளையாட்டு. ஆர்னி வெள்ளைக்காரப் பெண். கேமராவுக்குப் பின்னால் மட்டும் நின்றிருந்தால் பழைய கதையே திரும்பியிருக்கும். அவரும் முன்னால் வந்து வேஷம் கட்டினார். அளப்பவர் யார், அளக்கப்படுபவர் யார் என்பது குழம்பிப்போகிறது. இந்தக் குழப்பத்துக்காகத்தான் விளையாட்டு வேண்டியிருக்கிறது. தர்ஸ்டனை மறுத்து நான் பத்துக் கட்டுரை எழுதலாம். எழுதினாலும் அந்தக் கட்டங்கள் கலையாது.

ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள்: “மேடம், தோடர் பெண்ணா நடிக்க இவங்களுக்கு யார் அனுமதி கொடுத்தாங்க?” சரியான கேள்வி. புஷ்பமாலா வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நூல் கட்டங்களின் முன் நின்ற பெண்ணுக்குக் கலைக்க வேஷம் எதுவும் இல்லை. படத்தின் அடியில் அவளுக்கு இனப்பெயர் மட்டும்தான். படத்தொகுப்பு இந்த ஏற்றத்தாழ்வைத் தீர்க்கவில்லை. சிரிக்க வைத்து, சிரித்த வாயை மூடவிடாமல் அதைக் காட்டுகிறது. அதற்கு மேல் கலையிடம் கேட்கலாமா என்பதில் அந்த மாணவிக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடில்லை.

கேள்வி கேட்டவளின் அக்கா சிப்காட்டில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு ஆண்டும் எத்தனையோ பெண்கள் அங்கே வேலைக்குச் சேர அடையாள அட்டைப் படம் எடுக்கிறார்கள்: வெள்ளைப் பின்னணி, நேர்ப்பார்வை, காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. பாகலூர் சாலையில் ஒரு ஸ்டூடியோக்காரர் சொன்னார், அது முடிந்ததும் தோழிகளாக வருபவர்கள் போய்விடுவதில்லையாம். துப்பட்டாவை மாற்றிப் போட்டுக்கொண்டு, அருவி வரைந்த திரையை இறக்கச் சொல்வார்களாம். “இது கம்பெனிக்கு இல்லண்ணா, எங்களுக்கு.”